காலைப் பார்த்தீரோ?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் மூத்த பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறாவது ஆண்டில் மூத்தவர்களும் ஏதாவது பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டபோது, நாங்கள் பழைய நினைவுகளைச் சொல்வோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். விடுதிச் சாப்பாடு, இல்ல விளையாட்டுப் போட்டி, மணி அடிக்க முந்தி வாசலுக்குள் நுழைய ஓடிய ஓட்டம் எல்லாம் இந்த மலரின் மற்றப் பக்கங்களில் நிறையவே இருக்கின்றன. எழுபதைத் தாண்டிய நாங்கள் கூடிக் கதைத்து வேறொரு விடயத்தைத் தெரிந்தெடுத்தோம். அன்று ஓடிய அதே கால்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விழாவுக்கு அழைக்க எங்கள் வகுப்புத் தோழிகள் ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுத்தோம். வர ஏலாது என்றவர்கள் முதலில் சொன்ன காரணங்கள் பல: வெயில், வீட்டில் ஆளில்லை, பேரப்பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கதைத்த பிறகுதான் உண்மையான காரணம் வந்தது. கால் விறைப்பு. நிலம் தெரியவில்லை. மண்டபத்துப் படிகளில் ஏற இறங்கப் பயம். எல்லோரும் பார்க்க விழுந்துபோனால் வெட்கம். இப்படிச் சொன்னவர்கள் ஒருவரல்ல, இருவரல்ல. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இது என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக வீட்டில் இருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பகிரங்கமாகப் பேச வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

நாங்கள் வைத்தியர்கள் அல்லர். எங்களில் சிலர் தாதியாகவும் ஆசிரியையாகவும் இருந்தோம், பலர் வீட்டைப் பார்த்தோம். கிளினிக் வாங்கில்களில் காத்திருந்து, வைத்தியர்களிடமும் இயன்மருத்துவர்களிடமும் கேட்டு, இந்தக் கால்களோடு வாழ்ந்து அறிந்ததைத்தான் சொல்கிறோம்.

இதை வைத்தியர்கள் புறநரம்புப் பாதிப்பு என்கிறார்கள். நியூரோபதி என்று துண்டில் எழுதுவார்கள். மூளையையும் முள்ளந்தண்டையும் விட்டு வெளியே போகும் நரம்புகள் பழுதடைவதுதான் அது. உடம்பில் மிக நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால்விரல் நுனி வரை போவது. ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். நீளமான நரம்புதான் முதலில் களைத்துப் போகும். ஆகவே தொல்லை பெரும்பாலும் இரண்டு கால்விரல்களிலும் ஒரே காலத்தில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறும். முழங்காலை அண்மிக்கும் காலத்தில் கைவிரல்களிலும் தொடங்கிவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்கு இரவில் எரிவு, போர்வை பட்டாலே தாங்க ஏலாது. இன்னொருவருக்கு எறும்பு ஊர்வதுபோல். வேறொருவருக்குப் பஞ்சுமெத்தையில் நடப்பதுபோல். செருப்புக் கழன்று விழுந்ததும் தெரியாமல் வீதிவரை போனவர்களும் எங்களில் உண்டு. இன்னும் சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்புள்ளவர்களில் பாதிப்பேர் வரை எந்த முறைப்பாடும் இல்லாதிருக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் முதற்காரணம் சீனி வருத்தம்தான். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் கண்டது. நீரிழிவு உள்ளவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆனால் எங்கள் வகுப்புப் படத்தை எடுத்து விரல் வைத்து எண்ணினால், நாங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கவில்லை என்பது விளங்கும்.

சீனி மட்டும் காரணமல்ல. விற்றமின் பி12 குறைவு இன்னொரு காரணம். அது மீன், இறைச்சி, முட்டை, பாலிலிருந்து வருவது. வாழ்நாள் முழுதும் சைவமாக இருந்து, இப்போது பாலையும் குறைத்துக்கொண்ட எங்களில் சிலருக்கு அது குறைந்திருக்கிறது. நீரிழிவுக்கு நெடுங்காலம் மெற்போமின் குளிசை எடுப்பவர்களுக்கும் அது குறையலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், காலத்தோடு கண்டால் திருத்தவும் முடியும். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது இதைக் கேளுங்கள். சிறுநீரக நோய், தைரொயிட் குறைவு, புற்றுநோய்க்கு ஏற்றும் சில மருந்துகள் என்பவையும் நரம்பைத் தாக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் விற்றமின் போத்தல்களிலும் கவனம் வேண்டும். பி6 விற்றமினை அளவுக்கு மிஞ்சி நெடுநாள் எடுத்தால் அதுவே விறைப்பைத் தரும். வயது போனால் கால் விறைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடாமல், எதனால் என்று ஒருமுறை வடிவாகப் பார்ப்பிக்க வேண்டும்.

பரிசோதனை நோவில்லாதது. மெல்லிய நைலோன் இழையொன்றால் பாதத்தில் தொடுவார்கள். அது வளையும்போது பத்துக் கிராம் அழுத்தம். அது தெரிகிறதா என்று கேட்பார்கள். இசைக்கவர் ஒன்றை அதிரவிட்டுப் பெருவிரல் எலும்பில் வைப்பார்கள். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் நாம் மேசையில் தட்டி விளையாடிய அதே கவர்தான்.

இப்போது நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். கால் நோவென்றால் எல்லோரும் இரங்குவார்கள். ஆனால் நோவை விட ஆபத்தானது நோ இல்லாமற் போவது.

இதை உலகத்துக்கு விளக்கியவர்களில் ஒருவர் சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914 இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். எங்கள் ஊரவர்கள் பலரும் வைத்தியத்துக்குப் போய்வந்த அதே வேலூர். தொழுநோயாளரின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று அவர் தேடினார். சதை தானாக அழுகி உதிர்கிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. அவர் கண்டது வேறு. நரம்பு செத்ததால் நோத் தெரிவதில்லை. நோத் தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயத்தோடு நடக்கிறார்கள். சிலருடைய விரல்களை இரவில் எலி கடித்ததுகூடத் தெரியவில்லை. காவலுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம். 1966 இல் அவர் அமெரிக்காவுக்குப் போனபின், அதே விளக்கம் நீரிழிவு நோயாளரின் கால்களுக்கும் பொருந்தியது. நோ என்பது கடவுள் வைத்த காவல்காரன் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எங்கள் காலடியில் அந்தக் காவல்காரன் இப்போது நித்திரை.

எங்கள் தோழி ஒருத்தியின் கதையைச் சொல்ல அவவின் பிள்ளைகள் சம்மதம் தந்தார்கள். பெயர் வேண்டாம். ஒருநாள் சப்பாத்துக்குள் சிறு கல்லொன்று கிடந்தது. அதோடு சந்தைக்குப் போய், அங்கிருந்து கோயிலுக்குப் போய், பின்னேரம் வீடு வந்தா. நோவில்லை. ஐந்தாம் நாள் காலுறையில் ஈரம் கண்டுதான் பார்த்தா. அப்போதும் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பயப்படுவார்கள், அயலவர்கள் கதைப்பார்கள் என்று மஞ்சள் பூசி மறைத்தா. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வந்தது. எங்கள் பாடசாலை வலைப்பந்துக் குழுவில் மையத்தில் விளையாடிய கால் அது. அதற்குப் பிறகு அவ இரண்டு வருடந்தான் இருந்தா.

அந்தக் கல்லைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆகவே கால் உணராததைக் கண் பார்க்க வேண்டும். இதை நாங்கள் பல் தீட்டுவதுபோல் நாளாந்த வேலையாக்கிக்கொண்டோம்.

இரவு படுக்க முன் நல்ல வெளிச்சத்தில் இருந்து இரண்டு பாதங்களையும் பார்க்கிறோம். மேலே, கீழே, குதிக்காலில், விரல் இடுக்குகளில். குனிய ஏலாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கிறோம். கண் தெளிவில்லாதவர்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறோம். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொப்பளம், வெடிப்பு, சிவப்பு, நிறமாற்றம், ஈரம், ஒரு கால் மற்றதைவிடச் சூடு, இவற்றைத்தான் தேடுகிறோம்.

சப்பாத்தையும் செருப்பையும் போட முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்கிறோம். கல்லும் இருக்கலாம், மட்டத்தேளும் இருக்கலாம். புதுச் சப்பாத்துப் பின்னேரத்தில் வாங்குகிறோம், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். முதலில் ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டுக் கழற்றிப் பார்க்கிறோம். விரல்களுக்கு இடையில் பட்டி போகும் றப்பர் செருப்பு, உணர்வில்லாத காலில் நிற்காது, இடுக்கையும் வெட்டும். பின்பட்டி உள்ளது நல்லது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை.

கால் கழுவும் சுடுதண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறோம், அல்லது வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்கிறோம். ஒத்தடம், சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டையும் காலுக்கு விலக்கிவிட்டோம். குதிக்காலுக்கு எண்ணெய் பூசலாம், விரல் இடுக்கில் பூசக்கூடாது. கால் ஆணியை பிளேட்டால் சீவுவதோ, கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்ரரை ஒட்டுவதோ கூடாது. புண் வந்தால், கால் சிவந்து சூடாகி வீங்கினால், நோவில்லாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. அங்கு போக எடுக்கும் முடிவுதான் பெரிது.

கோயிலுக்குப் போகும் எங்களுக்கு ஒரு சொல். ஆவணி வெயிலில் தேர்வீதி மணல் சுடுவது எல்லோருக்கும் தெரியும். உணர்வுள்ள கால் தானாக நிழலைத் தேடி ஓடும். எங்கள் கால் ஓடாது, வெந்துகொண்டே நிற்கும். விடியற்பூசைக்குப் போனால் மணல் குளிர்ந்திருக்கும். பிந்திப் போனால் தடித்த காலுறை போட்டு நிழலில் நிற்கிறோம். பக்தி குறைந்தது என்று யாரும் நினைக்கமாட்டார்கள், நினைத்தாலும் கால் எங்களுடையது.

உணர்வு போவதால் வரும் அடுத்த தொல்லை விழுகை. மனிதர் நேரே நிற்பதற்கு மூன்று பக்கத்திலிருந்து செய்தி வேண்டும். கண், உட்காது, பாதங்களும் மூட்டுக்களும். எங்களுக்கு மூன்றாவது பக்கத்துச் செய்தி குறைந்துவிட்டது. ஆகவே கண்ணை நம்பி நிற்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்லினில் இருந்த வைத்தியர் றொம்பேர்க் இதைக் கவனித்தார். காலில் உணர்வு குறைந்தவரைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவார். இன்றும் வைத்தியர்கள் செய்து பார்க்கும் பரிசோதனை இது.

அந்தப் பரிசோதனையை நாங்கள் அறியாமலே நாள்தோறும் செய்கிறோம். சந்நிதியில் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கண்ணை மூடி நிற்கிறோமே, அது றொம்பேர்க் சொன்னதிலும் கடுமையானது. தேவாலயத்தில் எழுந்துநின்று கண்மூடிச் செபிப்பதும் அப்படித்தான். கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடி வாளிக்குக் கைநீட்டுவதும், தலைக்கு வார்க்கும்போது கண்ணை இறுக்குவதும் அதுதான். இப்போது நாங்கள் தூணில் ஒரு கை வைத்துக்கொண்டு கும்பிடுகிறோம், அல்லது வாங்கிலில் இருந்து செபிக்கிறோம். குளிக்கும்போது பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் இருந்து குளிக்கிறோம்.

இருட்டும் கண்ணை மூடுவதற்குச் சமம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் மலசலகூடம் வளவுக்குள் தூரத்தில் இருக்கும். இரவில் எழும்பினால் உடனே நடக்கக்கூடாது. கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்து, கணுக்காலைப் பத்துத்தரம் ஆட்டி, ரோர்ச்சைக் கையில் எடுத்துத்தான் எழும்ப வேண்டும். எரிவுக்குத் தரும் சில மருந்துகள் நித்திரைமயக்கமும் தலைச்சுற்றும் தரும், பிறசர்க் குளிசையும் எழும்பும்போது தள்ளும். கட்டிலடியில் கொமட் கதிரை வைத்துக்கொள்வது வெட்கமல்ல, இடுப்பு எலும்பு முறிவதுதான் கஷ்டம்.

வீட்டில் நாங்கள் செய்த சிறு மாற்றங்களைச் சொல்கிறோம். வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிட்டோம். நிலைப்படி விளிம்பில் மஞ்சள் நிறக் கோடு அடித்தோம். குளியலறையிலும் கொமட் பக்கத்திலும் சுவரில் இரும்புக் கைபிடி பூட்டினோம். துவாய் போடும் கம்பி ஆளைத் தாங்காது, அது வேறு, இது வேறு. மாபிள் தரையில் தண்ணீர் சிந்தினால் துடைக்காமல் யாரும் நகர்வதில்லை. சேலையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டுகிறோம். கைத்தொலைபேசியைச் சிறு பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுகிறோம். விழுந்துவிட்டால் உடனே எழும்ப முயலாமல், முறிவு உண்டா என்று பார்த்து, ஏலுமென்றால் தவழ்ந்துபோய்க் கதிரையைப் பிடித்து எழும்பப் பழகியிருக்கிறோம். ஏலாவிட்டால் 1990. அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.

இனிப் பொல்லு. எங்களில் பலருக்கு விறைப்பை விடக் கடினமாக இருந்தது பொல்லைக் கையில் எடுத்ததுதான். பொல்லுப் பிடித்தால் கிழவி என்பார்கள். எழுபத்தாறு வயதில் கிழவி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? பொல்லுப் பிடிக்காமல் வீட்டுக்குள் இருக்கும் கிழவியாவதை விட, பொல்லோடு சந்தைக்குப் போகும் கிழவியாக இருப்பது மேல் என்று நாங்கள் தீர்மானித்தோம்.

ஆனால் பொல்லுக்கும் அளவுண்டு. சப்பாத்தோடு நேரே நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடியும் இடத்துக்குப் பிடி வரவேண்டும். தாத்தா விட்டுப்போன பொல்லு பெரும்பாலும் உயரம். அடியில் உள்ள றப்பர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஒரு கால் மற்றதைவிடப் பலவீனமானால், பொல்லு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஏலாத கால் முதலில். ஒரு பொல்லுப் போதாதவர்களுக்கு நாலுகால் பொல்லும் நடைச்சட்டமும் இருக்கின்றன. எது தனக்குப் பொருந்தும் என்று இயன்மருத்துவரிடம் கேட்டே வாங்க வேண்டும். 1987 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம், செயற்கைக் கால்களோடு இப்படியான நடமாட்ட உதவிகளையும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறது.

நரம்பு திரும்பி வராவிட்டாலும் தசையைப் பலப்படுத்தலாம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்ததும் ஒரு காலை ஊன்றி மற்றக் காலைத்தான் அசைக்கலாம் என்று எங்களுக்குப் பழக்கினார்கள். இன்றைய பயிற்சியும் ஏறக்குறைய அதுவே. குசினி மேடையை இரண்டு கையாலும் பிடித்து, குதிக்காலை உயர்த்தி இறக்குகிறோம். பிறகு ஒரு காலில் பத்து எண்ணும்வரை நிற்கிறோம். கைபிடியுள்ள கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருக்கிறோம். சோறு வேகும் நேரம் போதும். காலில் புண் இருந்தால் மட்டும் செய்வதில்லை. நடக்கும் முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

கைக்கு வந்தவர்களின் கஷ்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. சட்டைக் கொழுக்கி பூட்ட ஏலாது, தெறி பிடிபடாது, ஊசியில் நூல் கோக்க ஏலாது. தாய்ச்சியைப் பிடித்தால் சுடுவது தெரியாது. அழகான எழுத்துக்குப் பரிசு வாங்கியவர்கள் இன்று கையெழுத்துப் போடவே தயங்குகிறார்கள். இதெல்லாம் சின்ன விடயங்களாகத் தெரியும். ஆனால் ஒரு பெண் தன் வீட்டில் தன் வேலையைத் தானே செய்வது என்பதே இந்தச் சின்ன விடயங்களால் ஆனது. அது போகும்போது துக்கம் வரும். அழுதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கவலை மனத்தை விட்டுப் போகாவிட்டால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

கடல் கடந்து இருக்கும் சகோதரிகளுக்கும் இதே வருத்தந்தான், வேறு தரையில். ரொறொன்ரோவில் பனி உறைந்த நடைபாதை, லண்டனில் சூடாக்கிக்கு மிக அருகில் நீட்டிய கால், மெல்பேணில் கோடையில் கொதிக்கும் சீமெந்து. பனிக்காலத்தில் நாலு மாதம் வெளியே வராமல் இருந்தால் தசை கரைந்துவிடும் என்று அங்கிருந்து எழுதினார்கள். அங்கே நீரிழிவு உள்ளவர்களுக்கு வருடந்தோறும் கால் பார்க்கும் ஒழுங்கு இருந்தால், அந்தக் கடிதம் வந்ததும் போங்கள். மொழி தெரியாதென்று தாய்மார் தள்ளிப்போட்டால், மகள்மாரே, கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் இரண்டு சொல். எங்களைக் கையில் பிடித்து இழுக்க வேண்டாம், இழுத்தால் இருக்கும் சமநிலையும் போய்விடும். உங்கள் கையைத் தாருங்கள், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்" என்று நல்ல மனத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இருந்தபடியே இருந்தால் எழும்ப ஏலாமற் போகும். கீரை ஆயவும் தேங்காய் துருவவும் எங்களுக்கு விடுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இனி எங்கள் பாடசாலைக்கும் சங்கத்துக்கும் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, இந்த மண்டபத்துப் படிகள். அந்தக் காலத்தில் அவற்றை இரண்டிரண்டாகத் தாண்டினோம். இரண்டு பக்கமும் கைபிடியும், பக்கவாட்டில் ஒரு சரிவுப்பாதையும் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரிவுக்குப் பொதுவான கணக்கு. அதிலும் செங்குத்தாக இருந்தால் சில்லுக்கதிரையைத் தள்ள ஏலாது. முன்வரிசையில் கைபிடியுள்ள கதிரைகள் சிலவும், கைபிடி பூட்டிய மலசலகூடம் ஒன்றும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், கட்டடங்களை அவர்கள் அணுகக்கூடியதாக்கும் 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் நம் நாட்டில் இருக்கின்றன. ஆனால் சட்டம் சொன்னதற்காகச் செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இன்று ஓடித்திரியும் மாணவிகளில் ஒருத்தி நாளைக்குக் கால் முறிந்து வந்தாலும் அது உதவும். எங்கள் வகுப்பினர் இதற்கென்று முதற்தொகையைச் சேர்த்து இன்று பொருளாளரிடம் கொடுக்கிறோம்.

இரண்டாவது வேண்டுகோளுக்குச் செலவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தி முன்வந்து, மாதத்தில் ஒருநாள் தன் தோழிகளுக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கும், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் தனியே தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும். சுகமோ என்று கேட்டால் எல்லோரும் சுகம் என்றுதான் சொல்வார்கள். நாம் அப்படி வளர்க்கப்பட்டவர்கள். ஆகவே அப்படிக் கேட்க வேண்டாம். "காலைப் பார்த்தீரோ?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருத்தி கதிரையில் இருந்து, வெளிச்சத்தைப் போட்டு, காலுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எங்கள் வகுப்பில் இதைத் தொடங்கிவிட்டோம். அப்படிக் கேட்டதால் ஒருத்தியின் குதிக்கால் புண் காலத்தோடு வைத்தியசாலைக்குப் போய் ஆறியிருக்கிறது. அவ இன்று மூன்றாவது வரிசையில், பொல்லை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா.

இனி வரும் ஒன்றுகூடலுக்கு, இன்று வராதவர்களையும் கூட்டிக்கொண்டு வருவோம். படியில் கைபிடி இல்லாவிட்டாலும், அதுவரை எங்கள் தோள்கள் இருக்கின்றன.